நைனாவின் கால் தரையில் படக்கூடாத நாட்கள்

எங்கள் எஃப் பிளாக்கின் மூன்றாவது மாடி வராந்தாவில் குதிரைகள் ஓடுவதற்கு யார் காரணம் என்று கேட்டால், பிளாக்கில் இருக்கிறவர்கள் காலத்தைச் சொல்வார்கள், கிரகத்தைச் சொல்வார்கள், கட்டடம் கட்டிய கான்ட்ராக்டரைக்கூடச் சொல்வார்கள், ஆனால் சனிக்கிழமை விடிந்ததும் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிவப்பு மையாலும் பச்சை மையாலும் ரேஸ் புத்தகத்தில் கோடு கிழிக்கிற என் நைனா கன்னியப்பனை மட்டும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன். பெற்ற மகள் நான், எனக்கு இல்லாத உரிமையா?

மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை நைனாவுக்கு. வாரம் முழுக்கத் தெருத்தெருவாக நடந்தவர், வாரக்கடைசியில் கிண்டிக்குப் போய்க் குதிரைமேல் பணம் கட்டிவிட்டு வருவார். கேட்டால், "ஆளாளுக்கு ஒரு ஹாபி. ஒருத்தன் ஸ்டாம்பு சேக்கறான், ஒருத்தன் மீன் வளக்கறான், நான் குதிர பாக்கறேன்" என்பார். அந்த ஹாபி அம்மாவின் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போன மறுநாள், அம்மா அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எல்லையம்மன் கோயிலுக்குப் போனாள். நானும் பள்ளிக்கூடச் சீருடையோடு பின்னால் போனேன். பூசாரி கற்பூரம் ஏற்றினார். நைனா என் தலையில் கை வைத்து, "ரேஸ் நடக்கிற எடத்துல இனிமே கால் வெக்க மாட்டேன், இது என் பொண்ணு யமுனா மேல சத்தியம்" என்று சொல்லி, கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தார். அவர் சொல் தவறினால் கேடு அவருக்கு இல்லை, எனக்கு. சத்தியம் வாங்கிய அம்மா என்னைக் கேட்கவில்லை, செய்த நைனாவும் கேட்கவில்லை, சாட்சிக்கு நின்ற பூசாரியும் கேட்கவில்லை. என் தலையிலிருந்த எண்ணெய் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டதென்று நைனா வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார், அதில் குறை சொல்ல முடியாது. கிண்டிப் பக்கம் மீட்டர் கணக்கெடுக்கக்கூடப் போக மாட்டேன் என்று அதிகாரியிடம் சண்டை போட்டார். ஆனால் அடுத்த சனிக்கிழமையே கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஒரு காதில் போனை வைத்து யாரோ ஒரு ஏஜென்டிடம், "நாலாம் நம்பர் வின், ஏழாம் நம்பர் பிளேஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "இன்னாடி மொறைக்கிற? நான் எங்கியாவது கால் வெச்சனா? ஊட்டுலதான குந்திகினு கீறேன்?" என்று விரதம் இருக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். கரண்டி சாம்பாருக்குத் திரும்பிப் போனது.

அப்படி அவர் வீட்டிலிருந்தே கட்டி, வீட்டிலிருந்தே தோற்று, எப்போதாவது வீட்டிலிருந்தே ஜெயித்துக்கொண்டிருந்த ஒரு மாசி மாதத்துச் சனிக்கிழமையில், போனில் கமெண்ட்ரி ஆரம்பித்த அதே நொடியில், கிழக்குப் பக்கத்து மாடிப்படியில் குளம்புச் சத்தம் கேட்டு, மண் வாசனை வந்து, பிறகு குதிரைகளே வந்தன. பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா வராந்தாவில் துணி பிழிந்துகொண்டிருந்தவள், கைக்குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "குதிர வருதும்மா, ஓரமா போங்க" என்று ஆட்டோ வருகிற மாதிரி எல்லோருக்கும் சொன்னாள். பளபளக்கிற சட்டை போட்ட ஜாக்கிகள் யாரையும் பார்க்காமல் குனிந்தபடி வந்தார்கள். வராந்தா நீளத்துக்கும் ஓடி, எங்கள் வாசலில் திரும்பி, ஹாலுக்குள் நுழைந்து, கட்டிலைச் சுற்றி, மறுபடி வெளியே போய், வாசலோரம் இருந்த நீல நிறத் தண்ணீர் டிரம்மைத் தாண்டி மேற்குப் பக்கத்துப் படியில் இறங்கி மறைந்தார்கள். அங்கே வெளியூர் மைதானத்தில் எந்தக் குதிரை முதலில் வந்ததோ, அதே குதிரைதான் இங்கே டிரம்மை முதலில் தாண்டியது. நைனா கட்டியது ஐந்தாவதாக வந்தது.

எங்கள் பிளாக் எதையும் பழகிக்கொள்ளும். லிஃப்ட் நின்று போனபோது பழகிக்கொண்டது, குழாயில் சாக்கடை வந்தபோது பழகிக்கொண்டது, குதிரைக்கா பழகாது? குடியிருப்போர் சங்கத்து போர்டில் தண்ணீர் லாரி வரும் நேரத்துக்குக் கீழேயே ரேஸ் நேரத்தையும் எழுதிப் போட்டார்கள். குதிரை வரும் நேரத்தில் வராந்தாவில் செருப்பு, குடம், சைக்கிள் வைக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். கீரை விற்கிற அம்மா ஒரு ரேஸுக்கும் அடுத்த ரேஸுக்கும் நடுவில் கூவிவிட்டுப் போகக் கற்றுக்கொண்டாள். ரெண்டாவது மாடியில் ஒரு பெரியவர் இறந்தபோது, பாடையைப் படித்திருப்பத்தில் நிறுத்தி, குதிரைகள் போன பிறகு தூக்கினார்கள், சங்கு ஊதுகிறவர்கூடப் பொறுமையாக நின்றார். குதிரைச் சாணத்தை அள்ளித் தொட்டியில் போட்டதில் மும்தாஜ் அக்காவின் கறிவேப்பிலை ஆள் உயரத்துக்கு வளர்ந்தது, அதற்குப் பிறகு சாணத்துக்கு முறை வைத்துக்கொண்டார்கள். குளம்புச் சத்தம் கேட்டால்தான் அவள் குழந்தை தூங்கும் என்றாகிவிட்டது. இத்தனையும் நடந்தது, ஆனால் அந்த போனைப் பிடுங்கிக் கீழே போடுங்கள் என்று சொல்ல மட்டும் அத்தனை பெரிய கட்டடத்தில் ஓர் ஆள் இல்லை.

பராங்குசம் சார் சொல்லியிருக்கலாம். சங்கத்துச் செயலாளர், கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர், அவர் சொன்னால் நைனா கேட்பார். அவர் வந்தார், குதிரைகள் போன தடத்தைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார்.

"கன்னியப்பா, உன் சத்தியம் என்ன? ரேஸ் நடக்கிற இடத்தில் கால் வைக்க மாட்டேன் என்பது. இப்போது ரேஸ் எங்கே நடக்கிறது? உன் வீட்டில். ஆகவே ரேஸ் நாளில் விடிந்ததிலிருந்து கடைசிக் குதிரை போகிறவரை நீ இந்தத் தரையில் கால் வைத்தால் சத்தியம் முறிந்தது. பெண் குழந்தை தலை சம்பந்தப்பட்ட விஷயம். ஜாக்கிரதை."

நைனா சட்டென்று இரண்டு காலையும் கட்டில் மேல் தூக்கிக்கொண்டார்.

"சார், அதுக்கு பதிலா இவர் ரேஸ் கட்றத உட்டா போதுமே?" என்று அம்மா கேட்டாள்.

"அது அவரவர் பொழுதுபோக்கு ரேணுகா. அதில் சங்கம் எப்படித் தலையிடும்?" என்றார் சார்.

அன்றிலிருந்து ரேஸ் நாட்களில் நைனாவின் பாதம் தரையில் படாமல் பார்த்துக்கொள்வது மொத்த பிளாக்கின் பொறுப்பாகிவிட்டது. கட்டிலிலேயே பல் விளக்குவார், அம்மா பேசின் பிடிப்பாள். கட்டிலிலேயே சாப்பிடுவார், அம்மா தட்டு எடுப்பாள். பாத்ரூம் போக வேண்டுமென்றால் ஒரு குரல் கொடுப்பார், நாலு ஆம்பளைகள் பிளாஸ்டிக் நாற்காலியோடு ஓடிவந்து சாமியைத் தூக்குகிற மாதிரி தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். தூக்கும்போதே, "அண்ணே, அடுத்த ரேஸ்ல இன்னாண்ணே வரும்?" என்று கேட்டு வாங்கிக்கொள்வார்கள். நாற்காலி தூக்க ஆள் கிடைக்காமல் போனதே இல்லை. நான் ஜுரத்தில் கிடந்தபோது மாத்திரை வாங்கி வர ஆள் கிடைக்கவில்லை.

எனக்கும் ஒரு சட்டம் வந்தது. ஒருவேளை கால் தவறிப் பட்டுவிட்டால் உடனே கற்பூரம் சுற்றி எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும், அதற்குத் தலை கண்ணெதிரே இருக்க வேண்டும், நான் பாட்டுக்கு ரோட்டில் போய்க்கொண்டிருந்தால் லாரி, பஸ் என்று ஏதாவது ஆகிவிடும் என்று பராங்குசம் சார் சொன்னார். அதனால் ரேஸ் நாள் என்றால் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். போகிற வருகிற பெண்கள் எல்லாம் என் உச்சந்தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். "பாவம் பொண்ணு" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிளஸ் டூ முடித்துவிட்டுத் தி. நகரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேன், சனி ஞாயிறு வர முடியாது என்றதும் போகச் சொல்லிவிட்டார்கள். பிறகு ஒரு செருப்புக்கடை, அங்கேயும் அதே கதை. சனி ஞாயிறு வராத சேல்ஸ் கேர்ளை எந்தக் கடைக்காரன் வைத்துக்கொள்வான்? அவர் தோற்பதற்கு வசதியாக நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் ஓசூரில் போன் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனிக்குப் பெண்களை எடுத்தார்கள். தங்குவதற்கு ஹாஸ்டல், சாப்பாடு, மாதச் சம்பளம். எனக்கும் ஆர்டர் வந்தது. சனிக்கிழமை நாலு மணிக்குக் கம்பெனி பஸ் சைதாப்பேட்டையில் வந்து நிற்கும், அதில் ஏறினால் வேலை, ஏறாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு பெண் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை!

அந்தச் சனிக்கிழமை காலையில் நைனா வழக்கம்போல எழுந்தார். பேசினில் முகம் கழுவி, விபூதி பூசி, ரேஸ் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திறந்தார். அன்றைக்குப் பெரிய ரேஸ், கோப்பைக்கான ரேஸ். பிரைட் மண்டே என்கிற பெண்குதிரை மேல் ஒரு மாதமாகவே அவருக்குக் கண். அது போன தடவை ஓடியபோது மழை என்றும், அதற்கு முந்தின தடவை ஜாக்கி சரியில்லை என்றும், அதன் அப்பன் யார், ஆத்தாள் யார், எந்த லாயத்தில் எப்படிப் புல் தின்னும் என்றும் நாற்காலி தூக்க வந்தவர்களிடம் விலாவாரியாகச் சொன்னார். அந்தக் குதிரைக்கு ஈரத்தரை ஆகாது என்று தெரிந்த மனுஷருக்கு, தன் மகளுக்கு வேலை கிடைத்தது தெரியாது. நான் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று நாளும், "ம்ம்" என்றார்.

முதல் ரேஸ் ஓடியது, தோற்றார். ஜாக்கி கடிவாளத்தைப் பிடித்துவிட்டான் என்றார். இரண்டாவது ஓடியது, தோற்றார். அம்மா அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைத்த சத்தத்தில் ராசி கெட்டுவிட்டது என்றார். மூன்றாவதில் ஏதோ கொஞ்சம் வந்தது, உடனே தலைகால் புரியாமல் எல்லோருக்கும் டீ சொன்னார். நான் ஸ்டூலை விட்டு எழுந்து உள்ளே போய், துணியெல்லாம் அடுக்கி வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வராந்தாவில் மொத்தப் பேரும் வழியை அடைத்துக்கொண்டார்கள்.

"எங்க கெளம்பிட்ட யமுனா? இன்னும் மூணு ரேஸ் கீதே" என்றாள் மும்தாஜ் அக்கா.

"நாலு மணிக்கு பஸ்ஸுக்கா. ஓசூருக்கு."

"ரோட்டுல போறப்ப உங்கப்பா கால் பட்டுச்சுன்னா இன்னாடி ஆவும்? ஆண்டவனே! இவ்ளோ நாளு பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டோமே!"

"ஆறு மணிக்கு மேல் போயேன் அம்மா. பஸ் எங்கே ஓடிவிடப் போகிறது?" என்றார் பராங்குசம் சார்.

இவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாத ஆத்திரம். கையில் எலுமிச்சம்பழத்தோடு, கண்ணில் தண்ணீரோடு, என் நல்லதற்காகவே என் வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள். இவர்களைத் திட்டிப் பயனில்லை. திரும்பி ஹாலுக்குள் போய்க் கட்டிலுக்கு முன்னால் நின்றேன். உள்ளே போனில், கோப்பை ரேஸுக்குக் குதிரைகளை வரிசையில் நிறுத்துகிறார்கள் என்று கமெண்ட்ரி சொல்லிக்கொண்டிருந்தது.

"நைனா, நான் வேலைக்குப் போறேன். எறங்கி வந்து வாசல் வரைக்கும் அனுப்பி வை."

"வெளாடாத பாப்பா. கால் வெச்சா உன் தலைக்குத்தான ஆவாது. நகரு, நகரு, மறைக்குது."

"அவ்ளோ பயம் இருக்கறவரு அன்னைக்கு என் தலையில ஏன் சத்தியம் பண்ண? என்னைக் கேட்டியா?"

அவர் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவர் உண்மையைச் சொன்னார், அதுவும் பாசமாகச் சொன்னார்.

"அன்னைக்குக் கையில வேற ஒண்ணும் இல்லியே பாப்பா."

கிழக்குப் படியில் குளம்புச் சத்தம் கேட்டது. சனங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். எத்தனையோ சனிக்கிழமைகள், எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள், விற்றுப்போன தையல் மெஷின், பிடித்த பேசின், எடுத்த தட்டு, உட்கார்ந்த ஸ்டூல் எல்லாம் என் கைக்கு வந்தன. குனிந்து அவருடைய இரண்டு கணுக்காலையும் பிடித்தேன். பாதங்கள் காலையிலிருந்து தரையில் படாமல் பச்சைக் குழந்தையுடையது மாதிரி தூசியே இல்லாமல் இருந்தன. ஒரே இழுப்பு. அவர் "ஐயோ" என்று கட்டில் விளிம்புக்கு வந்தார். அந்த இரண்டு பாதங்களையும் தரையில் வைத்து, மறுபடி தூக்க முடியாதபடி என் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன், குதிரைகள் உள்ளே நுழைந்து எங்களைச் சுற்றி ஓடின, புழுதி பறந்தது, ஒன்றின் வியர்வை என் தோளில் பட்டது.

வாசலில் அத்தனை பேரும் என் தலையைப் பார்த்தார்கள். மும்தாஜ் அக்கா எலுமிச்சம்பழத்தை ஓங்கியபடி பார்த்தாள், பராங்குசம் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார், நாற்காலி தூக்குகிற நாலு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். தலை வெடிக்கவில்லை, இடி விழவில்லை, மயக்கம் வரவில்லை, எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. அம்மா என் தலையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள்.

நைனா என் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி வாசல் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துச்சா? பிரைட் மண்டே வந்துச்சா?" என்றார்.

நான் கையை எடுத்தேன். அம்மா கீழே கிடந்த பையைத் தூக்கி, தூசியைத் தட்டி, என் கையில் கொடுத்தாள். குதிரைகள் இறங்கிப்போன படியிலேயே நானும் இறங்கினேன். பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எஃப் பிளாக்குக்குக் குதிரைகள் வரவில்லை. சத்தியம் முறிந்துவிட்டது, முறிந்தும் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, இனி எங்கே வேண்டுமானாலும் கால் வைக்கலாம் என்று நைனா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மறுபடி கிண்டிக்கே போகத் தொடங்கிவிட்டார். பிளாக்குக்கு என் மேல் தீராத கோபம். கறிவேப்பிலை வாடிவிட்டது, குழந்தை தூங்க மாட்டேன் என்கிறது, கலகலப்பாக இருந்த வராந்தா வெறிச்சென்று கிடக்கிறது, எல்லாம் அந்தப் பெண் செய்த வேலை என்று பேசிக்கொள்கிறார்களாம். நாலு பேர் தூக்கி வைத்துக் கொண்டாடிய மனுஷரைக் காலைப் பிடித்து இழுத்த அடங்காப்பிடாரி நான்தானாம். சொல்லிவிட்டுப் போகட்டும். வாரக்கடைசியிலும் ஷிஃப்ட் கேட்டு வாங்கி வேலை செய்கிறேன்.

போன மாதம் ஒருநாள் ஹாஸ்டலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வீடியோ கால் வந்தது. எல்லையம்மன் கோயிலிலிருந்து நைனா. அவருக்குப் பின்னால் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், மறுபடியும் சட்டையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள் போலிருக்கிறது. தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"பாப்பா, நல்லா இருக்கியா? உங்கம்மா ஒரே ரோதனை. இன்னொரு தபா சத்தியம் பண்ணச் சொல்றா. தலையைக் கொஞ்சம் போனுக்குக் கிட்ட காட்டு, இங்கியே கை வெச்சுக்கறேன். அன்னைக்கு ஒண்ணும் ஆவலியே, ராசியான தலைதான் உன்னுது" என்று சிரித்தார்.

வாளியைக் கீழே வைத்தேன்.

"என் தலை எதுக்கு நைனா? ஒனக்கு ஒரு தலை இருக்குல்ல? அதுல வெச்சு சத்தியம் பண்ணு, நான் பாக்கறேன்."

"நல்லா கேட்டா என் பொண்ணு. வெய்யி" என்றாள் அம்மா.

நைனா சிரித்துக்கொண்டேதான் கையைத் தூக்கினார். கற்பூரம் கடைசியாக ஒருமுறை எழும்பி எரிந்தது. தூக்கிய கை அவருடைய வழுக்கைக்கு மேலே, தொட ஒரு விரற்கடை இருக்கும்போது அப்படியே நின்றது. சிரிப்பு முகத்திலிருந்து மெல்லப் போனது. என்னைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார், பிறகு அந்தக் கை மெதுவாகக் கீழே இறங்கிச் சட்டைப் பைக்குள் போய்விட்டது.